மேஸ்திரி கமோடு ஏறிவிட்டார், சித்தாள் மறுக்கிறாள்

இல்லை அத்தை, பூனைகளுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை. போனில் நான் கத்தியது வேறு விஷயம்.

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தைக்கு, உங்கள் அண்ணன் மகள் வணங்கி எழுதுவது. இந்த வரி முதலில் வந்திருக்க வேண்டும். நான் நலம். தம்பி நலம். மேஸ்திரியும் சித்தாளும் எங்கள் இருவரையும் விட நலம். உங்கள் புது முழங்கால் எப்படி இருக்கிறது? அதைக் கேட்கத்தான் போன் செய்தேன். கேட்கவே இல்லை.

உங்களுக்கே நினைவிருக்கும். "என்னடி பண்ணுதுங்க ரெண்டும்?" என்றீர்கள். "பாத்ரூம் போகப் பழகுதுங்க" என்றேன். "எங்க போகுது?" "பாத்ரூம்!" "யாரு?" "மேஸ்திரி!" "மேஸ்திரிக்கு என்ன?" நான் அப்போது மாடிப்படியில் நின்றிருந்தேன், வீட்டுக்குள் சிக்னல் கிடைப்பதில்லை. உங்கள் காதுக்கு எட்ட வேண்டுமே என்று அடிவயிற்றிலிருந்து சொன்னேன்: "மேஸ்திரி கமோடுல ஏறி உக்காந்து ஒண்ணுக்குப் போயிட்டாரு அத்தை!" எங்கள் கட்டடத்தில் இப்போது பூச்சு வேலை நடக்கிறது. படித் திருப்பத்தில் நின்றிருந்த மேஸ்திரி, நிஜ மேஸ்திரி, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு தன் ஆட்களைப் பார்த்தார். ஆட்கள் சுவரைப் பார்த்தார்கள். "அது எங்க பூனைங்க" என்றேன். "சரிம்மா" என்றார். நம்பிய மாதிரித் தெரியவில்லை.

அதனால் இனிமேல் இந்தப் பேச்சு போனில் இல்லை. எழுதுகிறேன்.

பெயர் வைத்தது நீங்கள்தான். மண்ணை முகர்ந்து, மிதித்து, சுற்றிவந்து, குறை கண்டுபிடித்த பிறகே தோண்டத் தொடங்குவதால் பெரிய பூனை மேஸ்திரி. அவர் தோண்டிப் போட்டதையெல்லாம் பின்னாலேயே போய் மூடிவைப்பதால் குட்டி சித்தாள். குட்டி என்று இன்னும் சொல்கிறேன். உங்கள் வீட்டு மாடியில் தங்கி நான் படித்தபோது என் புத்தகப் பெட்டிக்குள் பிறந்தவள். இப்போது அந்தப் பெட்டியில் படுத்தால் பாதி உடல் வெளியே தொங்கும்.

ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் மகள் வீட்டுக்குப் போனதால் பூனைகள் இரண்டும் இப்போது என்னிடம். உங்கள் மாப்பிள்ளை நல்லவர். தபால் முதலில் அவர் கையில்தான் கிடைக்கும் என்பதால் சொல்லவில்லை, உண்மையாகவே நல்லவர். (மாப்பிள்ளை, படித்துக்கொண்டிருந்தால், வணக்கம்.) ஆனால் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர். கருவி பிடிக்காததை அவர் மூக்கு பிடித்துவிடும் என்று அங்கே பெயர். அந்த மூக்கை மாலையில் ஆபீசிலேயே கழற்றி வைத்துவிட்டு வர முடியாது. அவர் சொன்னது ஒன்றுதான்: "பூனை வரலாம். மண் தட்டு வரக்கூடாது." அதற்கு நீங்கள், "பூனை வந்தா அதுவும் வரும், அது வந்தா தட்டும் வரணும்" என்றீர்களாம். உங்கள் மகள் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். அம்மாவுக்கும் கணவருக்கும் நடுவே நிற்பவள் அவள். பூனைக்கும் தட்டுக்கும் நடுவே நிற்பவள் நான்.

தட்டு இல்லாமல் இருக்க முடியாத பூனைகள் கோடவுனுக்குப் போகும். அதையும் அவள்தான் சொன்னாள். மூட்டை அடுக்குகிற இடம், எலி அதிகமாம், இரண்டையும் நன்றாகப் பார்த்துக்கொள்வதாகக் கோடவுன்காரர் வாக்குக் கொடுத்திருக்கிறாராம். மேஸ்திரி பிறந்ததிலிருந்து எலியைப் பார்த்ததில்லை. பார்த்தால் ஒதுங்கி வழிவிடுவார். நாங்கள் குடியிருக்கும் வீட்டின் ஓனரோ மாதக் கடைசி வரைதான் பொறுப்பேன் என்கிறார்.

இதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. பட்டது வேறு. கால் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம் நீங்கள் சொன்னது எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்தது. "எந்திரிச்சு நடந்து எங்க போகணும்? கதவைத் தொறந்துவிடச் சொல்லி யாரு கத்துறா?"

அந்த வாக்கியத்தை நாள் முழுக்க வைத்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் கழுவும்போது. வேலை செய்யும்போது. பழைய வீட்டில் நீங்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒன்று உள்ளே வரக் கத்தும், மற்றது வெளியே போகக் கத்தும், நீங்கள் இரண்டையும் திட்டிக்கொண்டே கதவுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருப்பீர்கள். பூனை கத்தினால் எழுவீர்கள். எழுந்தால் நடப்பீர்கள். ஆகவே பூனை வேண்டும். ஆகவே கமோடு.

என் வேலை உங்களுக்குத் தெரியும். கருவி வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சிறு புத்தகம் இருக்குமே, யாரும் பிரிக்காதது, அதை எழுதுகிறேன். துணி துவைக்கும் இயந்திரம், தண்ணீர் சூடாக்கும் கருவி, தூசி உறிஞ்சி. தத்துவம் படித்து, இருப்பு என்றால் என்ன என்று பல்கலைக்கழகத்தில் பக்கம் பக்கமாக எழுதிய பெண் இப்போது "பச்சைப் பொத்தானை அழுத்தவும்" என்று எழுதுகிறாளே என அப்பாவுக்கு வருத்தம். எனக்கு இல்லை. பொத்தானை அழுத்தினால் ஏதாவது நடக்கிறது. நான் எழுதும் எல்லாக் கையேட்டிலும் முதல் வரி ஒன்றேதான்: கருவியைப் பொருத்தப்போகும் இடத்தை முதலில் நேரில் பார்த்துக்கொள்ளவும். ஒருவரும் இதைப் படிப்பதில்லை. வாங்கிக்கொண்டு வந்து, வாசலில் நுழையாமல் நின்றபிறகு, கம்பெனிக்குப் போன் செய்து கத்துவார்கள். அவர்கள்மேல் எனக்கு இரக்கமே கிடையாது.

எந்தக் காரியத்தையும் சிறு படிகளாக உடைத்தால் யாருக்கும் சொல்லிக்கொடுக்கலாம். இது என் நம்பிக்கை. ஏறக்குறைய மதம்.

முதல் படி, மண் தட்டைக் கமோடுக்குப் பக்கத்தில் வைப்பது. இரண்டும் வந்தன, பார்த்தன, போயின. வெற்றி. அடுத்த படி, தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக் கமோடின் மட்டத்துக்குக் கொண்டுவருவது. எதை வைத்து உயர்த்துவது? அலமாரி நிறைய என் கையேடுகள் கிடந்தன. அச்சகத்தில் எனக்கென்று அனுப்பும் பிரதிகள். கட்டுக் கட்டாக எடுத்துத் தட்டுக்கு அடியில் அடுக்கினேன். முதன்முறையாக அவை ஒருவரை உயர்த்தின. தூசி உறிஞ்சிவரை எல்லாம் சரியாகத்தான் போயிற்று. துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேடு வழவழத்தாளில் அச்சடித்தது, அத்தை, அதை நான் யோசிக்கவில்லை. மேஸ்திரி பாதியில் இருக்கும்போது அடுக்கு சரியத் தொடங்கியது. அவர் எழவில்லை. நிறுத்தவும் இல்லை. நேராகப் பார்த்தபடி, சரிந்துகொண்டே, தன் காரியத்தை முடித்தார். அந்த நிதானத்தை நான் எந்தத் தத்துவப் பேராசிரியரிடமும் கண்டதில்லை. தரையைத் தொட்டதும்தான் அவருக்கு விஷயம் உறைத்தது. ஓடினார். ஓடிய வழியெல்லாம் மணல், கட்டிலில் மணல், அரிசி டப்பாவில் மணல், நான் அன்று அனுப்ப வேண்டிய கையேட்டின் மேல் மணலோடு வேறொன்று.

தம்பி வேலையிலிருந்து வந்து பார்த்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக் என்பதால் உயரம் என்றாலே தன் சொத்து என்று நினைக்கிறவன். "அக்கா, மேல ஏத்தணும்னா அடுக்கக் கூடாது. தாங்கணும்" என்றான். பிளைவுட் வாங்கிவந்து, துளை துளையாகப் போட்டு, தட்டை எந்த மட்டத்திலும் மாட்டும்படி ஒரு சட்டம் செய்துகொடுத்தான். நன்றாகச் செய்தான், அதைச் சொல்லாவிட்டால் பாவம். அதற்குப் பிறகு அவன் பட்டதையும் சொல்ல வேண்டும்.

சித்தாளுக்கு இந்த உயரம் பிடிக்கவில்லை. மண் என்பது தரையில் இருப்பது, இது அவள் கொள்கை. அந்தரத்தில் தொங்கும் மண்ணை அவள் மண்ணாகவே மதிக்கவில்லை. தரையில், மெத்தென்று, தோண்டக்கூடியதாக வேறு என்ன இருக்கிறது என்று வீடு முழுக்கத் தேடியிருக்கிறாள். தம்பியின் கருவிப் பை திறந்திருந்தது. கிரீஸ் துடைக்க அதில் பஞ்சு வைத்திருப்பான். சித்தாள் தன் காரியத்தை முடித்து, பஞ்சால் ஒழுங்காக மூடியும் வைத்திருக்கிறாள். அவன் காலையில் ஜிப்பை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். ஏதோ ஆபீஸ் கட்டடம். லிஃப்ட் இரண்டு தளத்துக்கு நடுவே நின்றுவிட்டது, உள்ளே ஆட்கள். இவன் போய்க் கதவை நெம்பி, இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, "பயப்படாதீங்க, இப்ப சரி பண்ணிடறேன்" என்று சொல்லி, பையைத் திறந்திருக்கிறான்.

"அப்புறம்?" என்று கேட்டேன்.

"எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. அப்புறம் ஒரு பெரியவர், 'லிஃப்டை மெதுவா சரி பண்ணிக்கலாம் தம்பி, மொதல்ல பையை மூடுங்க'ன்னாரு."

நான் சிரித்திருக்கக் கூடாது.

"சிரிக்காதக்கா. நானா, அதுங்களா? இன்னைக்கே முடிவு பண்ணு."

"நீ பழகறதுக்கு மட்டும் நாளாகலையா? அம்மா உன்னை எவ்வளவு பொறுமையா..."

"அம்மா என்னைப் பிளைவுட்ல ஏத்தி அடியில மண்ணு போட்டாங்களா?"

ஆனாலும் அடுத்த படிக்குப் போனேன். நான் விடுவதாக இல்லை.

அடுத்தது, தட்டை எடுத்துவிட்டு, கமோடின் சீட்டுக்கு அடியில் அலுமினியத் தட்டு ஒன்றைப் பதித்து, அதில் கொஞ்சம் மணல். எங்கள் வீட்டில் பாத்ரூம் ஒன்றுதான். நாங்கள் போக வேண்டுமானால் தட்டைத் தூக்கி ஓரமாக வைத்து, முடிந்ததும் திரும்ப வைக்க வேண்டும். தம்பி இரவுப் பணி முடிந்து தூக்கக் கலக்கத்தில் வந்த ஒரு காலை, தட்டைத் தூக்க மறந்துவிட்டான். அதைப் பற்றி எழுத மாட்டேன் என்று அவனுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். மேஸ்திரி பிறகு போய் முகர்ந்து பார்த்தார், தம்பியைத் திரும்பிப் பார்த்தார், காலால் மண்ணை இழுத்து மூடினார். இவ்வளவுதான் எழுதுவேன்.

பிறகு தட்டின் நடுவில் ஓட்டை. ஓட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து. மேஸ்திரி முதல் தடவை அந்த ஓட்டை வழியாகக் கீழே எட்டிப் பார்த்தபோது நானும் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். அடியில் தண்ணீர். தண்ணீரில் இரண்டு முகங்கள். வெகுநேரம் பார்த்தார். யார் யாரைப் பழக்குகிறோம் என்று ஒரு கணம் தோன்றியது. இன்னும் கொஞ்சம் யோசித்திருந்தால் ஏதாவது பிடிபட்டிருக்கும். அதற்குள் ஃப்ளஷ் தொட்டி ஒரு சொட்டு விட்டது, அவர் என் தோள்மேல் ஏறி ஓடிவிட்டார். தழும்பு இருக்கிறது. வரும்போது காட்டுகிறேன்.

மணல் முழுக்கத் தீர்ந்த பிறகு புதுச் சங்கடம். மூட வேண்டுமே. மூடாமல் போவது மேஸ்திரிக்கு மரியாதைக்குறைவு. முடித்துவிட்டு, சீட்டில் நின்றபடியே, எட்டியதையெல்லாம் இழுத்து உள்ளே போட்டார். தம்பியின் துண்டு. என் சட்டை. சோப்பு. துண்டைக் கொடியிலிருந்து வாயால் உருவி, கோப்பைக்குள் தள்ளி, அதன் விளிம்பைக் காலால் தட்டிச் சரிசெய்ததை நானே கண்ணால் பார்த்தேன். திட்ட வாயெடுத்தேன், வரவில்லை. தன்னால் ஆனதை மூடிவிட்டுப் போக வேண்டும் என்கிற அந்தக் கூச்சம் எனக்கும் தெரிந்ததுதான். துண்டைக் கிடுக்கியால் எடுத்தேன். இப்போது எங்கள் பாத்ரூமில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லை. குளித்துவிட்டு "துண்டு!" என்று கத்த வேண்டும். யாராவது வீட்டில் இருந்தால் கிடைக்கும்.

கடைசியாகத் தம்பி சீட்டின்மேல் மாட்ட ஒரு வளையம் செய்தான். பிளைவுட்டில், வழுக்காமல் இருக்க ரப்பர் ஒட்டி. அதற்குப் பிறகு மேஸ்திரி திரும்பிப் பார்க்கவில்லை.

சரி. இப்போது மாப்பிள்ளை வந்த நாள்.

சொல்லாமல் வந்தார். வேலை முடிந்து போகிற வழியாம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கூடத்தின் நடுவில் நின்று கண்ணை மூடினார். நானும் தம்பியும் பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற மாதிரி நின்றோம். "வினிகர்" என்றார். போட்டுத் துடைத்திருந்தேன். "ரப்பர் பசை." அதுவும் சரி. "ஈரத் துண்டு." தம்பி என்னைப் பார்த்தான். "பூனை இருக்கு. ஆனா கொஞ்சம்தான்." எனக்கு மூச்சு வந்தது. பிறகு பாத்ரூம் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஓ. உங்க வீட்டுல இப்படித்தானா?" என்றார்.

அத்தை, காலையிலிருந்து அந்த அறையைத் தேய்த்து என் விரல் தோல் உரிந்திருந்தது. "ஆமா. எங்க வீட்டுல இப்படித்தான்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மேஸ்திரி வந்தார். மாப்பிள்ளையின் கால்களுக்கு நடுவே புகுந்து, ஒரே தாவில் வளையத்தின் மேல் ஏறி, ஒரு சுற்றுத் திரும்பி, முன்கால்களைச் சேர்த்து வைத்து, மாப்பிள்ளையின் முகத்தை நேராகப் பார்த்தார். சத்தம் கேட்டது. தண்ணீரில் தண்ணீர் விழும் சத்தம். இத்தனை நாள் இதற்காகக் காத்திருந்தேன். கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளை, பெரியவர் ஒருவர் உள்ளே இருப்பது தெரியாமல் கதவைத் திறந்துவிட்டவர் போல, "சாரி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

பூனையிடம் சாரி சொன்னார், அத்தை. என் கண்ணெதிரே.

வெளியே வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். தண்ணீரையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான். "இன்னொண்ணும் இப்படித்தானா?" என்றார். "அதுவும் பழகிட்டு இருக்கு" என்றேன். "ரெண்டும் இதே மாதிரின்னா கூட்டிட்டு வாங்க. அப்புறம் நான் வாயைத் திறக்க மாட்டேன். மூக்கையும்."

ஆக, மீதி இருப்பது சித்தாள்.

சித்தாள் சீட்டில் ஏற மாட்டாள். தூக்கி வைத்தால் நான்கு காலும் நான்கு திசைக்குப் போகும். தம்பியின் வேலைக் கையுறைகளைப் போட்டுக்கொண்டு காலையிலும் மாலையிலும் வைக்கிறேன், காலையிலும் மாலையிலும் இறங்குகிறாள். மேஸ்திரியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று எதிரே உட்கார வைத்தேன். அவர் முடிக்கும்வரை மரியாதையாகப் பார்த்திருந்துவிட்டு, பாத்ரூம் மூலைக்குப் போனாள். அங்கே குளிக்கிற தண்ணீர் போக ஓர் ஓட்டை இருக்கிறது. அதன் மேல் குந்தினாள். ஒரு சொட்டு வெளியே இல்லை. தரையில் அடையாளம் இல்லை. அவ்வளவு துல்லியம். ஆனால் தவறான இடத்தில் துல்லியம்.

"அது பாட்டுக்குப் போகட்டுமேக்கா" என்றான் தம்பி. "ஒரு வாளி தண்ணி ஊத்துனா முடிஞ்சுபோச்சு. ஓட்டை ஓட்டைதானே?"

"இல்லை. முறைன்னு ஒண்ணு இருக்கு."

"அதுக்கு எந்திரிச்சு மேல போறது பிடிக்கலை. கீழேயே இருக்கட்டும். என்ன இப்ப?"

"கீழேயே இருந்தா கோடவுனுக்குத்தான் போகும்."

ஓட்டையின் மேல் வெறும் வாளியை வைத்தேன், தள்ளிவிட்டாள். தண்ணீர் நிரப்பி வைத்தேன். அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக் கத்துகிறாள். மிகவும் தெளிவாகக் கத்துகிறாள். இது எழுதும்போதும் கத்திக்கொண்டிருக்கிறாள். பதிலுக்கு நான் சீட்டைத் தட்டிக் காட்டுகிறேன். என் தொழிலில் இதைக் கருவியின் கோளாறு என்று எழுத மாட்டோம், பயன்படுத்துபவரின் பிழை என்றுதான் எழுதுவோம். அவள் பிடிவாதக்காரி. ஆனால் புத்தகப் பெட்டிக்குள் அவள் பிறந்தபோது நான் அந்த அறையில் இருந்தேன். என் பிடிவாதம் அவளுக்கு மூத்தது.

புது வீட்டைப் பார்க்க வரவேயில்லை என்று உங்கள் மகளுக்கு என்மேல் கோபம் இருக்கும். ஆஸ்பத்திரியில் பார்த்ததோடு சரி. எப்படி வருவேன்? ஒரு நாள் பழக்கம் தவறினாலும் மறுபடி மண்ணிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் என் கை நீண்டுகொண்டுதான் இருக்கிறது. மேஸ்திரிக்கு வளையம் இல்லாமல் ஆகாது என்பதால் தம்பி அதே அளவில் இன்னொன்று செய்துவிட்டான். அதை உங்கள் பாத்ரூமில் பொருத்த இன்று அங்கேதான் வந்திருக்கிறான். அவன் கிளம்பிய பிறகு எழுத உட்கார்ந்தேன். கையில் கொடுத்தனுப்பியிருந்தால் வழியிலேயே பிரித்துப் படித்திருப்பான், அலுமினியத் தட்டுப் பத்தியைக் கிழித்திருப்பான்.

மாதம் முடிவதற்குள் இரண்டும் உங்கள் மடியில் இருக்கும். இது ஆசை இல்லை, தகவல்.

உங்கள் மகளுக்கு என் அன்பு. மாப்பிள்ளையின் மூக்குக்கு என் மரியாதை. உங்கள் பழைய முழங்காலும் புது முழங்காலும் ஒன்றையொன்று அனுசரித்துப் போகட்டும். மேஸ்திரி தலையால் முட்டியதாகச் சொல்லச் சொன்னார்.

பணிவுடன்,
உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது தம்பி வந்துவிட்டான். வளையம் அவன் கையிலேயே இருந்தது.

"ஏண்டா, மாட்டலையா?"

"எதுல மாட்டறது?"

"கமோடுலதான்."

"அங்க கமோடே இல்லைக்கா."

நான் கவரை மேசைமேல் வைத்தேன்.

"புது வீடுன்னு பேருதான். கட்டடம் பழசு. தரையோட தரையா பதிச்சிருக்கு. குந்தி உக்கார்ற மாதிரி."

"அத்தை அந்த முழங்காலை வச்சுக்கிட்டு..."

"நடுவுல ஓட்டை போட்ட நாற்காலி ஒண்ணு வாங்கி மேல வச்சிருக்காங்க. அத்தை வெளிய வந்ததும் எடுத்துச் சுவத்துல சாத்திடறாங்க."

"மாப்பிள்ளை வந்து பாத்தாரே! சொல்லலையே!"

"கேட்டேன். 'நான்தான் அன்னைக்கே கேட்டேனே, உங்க வீட்டுல இப்படித்தானான்னு. ஆமான்னு கோவமா சொன்னாங்க. சரி, பூனைக்கு ரெண்டும் ஒண்ணுதான் போலன்னு விட்டுட்டேன்'ன்னாரு."

பொருத்தப்போகும் இடத்தை முதலில் நேரில் பார்த்துக்கொள்ளவும். எத்தனை கையேடுகள். அதே வரி. எழுதியவளும் படிக்கவில்லை.

வளையத்தோடு அவன் அந்தத் தரைப் பீங்கானின் எதிரே நின்ற கோலத்தை யாரோ உங்களிடம் சொல்ல, நீங்கள் சிரித்தபடி கட்டிலிலிருந்து எழுந்து, பாத்ரூம் வாசல்வரை நடந்து வந்து எட்டிப் பார்த்தீர்களாம். யாரும் பிடித்துக்கொள்ளவில்லையாம். தம்பி அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். நான்தான் அவனை இரண்டாம் தடவை சொல்லச் சொன்னேன்.

ஆகவே மேலே எழுதியதில் மேஸ்திரி தேறினார், சித்தாள் தேறவில்லை என்று வருகிற இடங்களையெல்லாம் மாற்றிப் படிக்கவும். உங்கள் வீட்டுக்கு ஏற்ற பாடத்தை இந்த வீட்டில் கற்றவள் அவள் ஒருத்திதான். நான் வாளி வைத்து அடைத்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரிக்கும் வழி இருக்கிறது. அந்த நாற்காலியை இனி சுவரில் சாத்த வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள். மேஸ்திரி அதில் ஏறுவார். தன் முறை வரும்வரை வாசலில் நின்று உங்களைப் பார்த்துக் கத்துவார். எழுந்துதான் ஆக வேண்டும் நீங்கள்.

இதைத் தபாலில் போடவில்லை. பாத்ரூமுக்குப் போய் வாளியை எடுத்தேன். சித்தாள் வந்தாள், என்னைப் பார்க்காமல் ஓட்டையின் மேல் குந்தினாள். அவள் முடிக்கும்வரை கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றேன். பிறகு அவளைக் கூடையில் எடுத்துக்கொண்டு, நாற்காலியின் ஓட்டைக்கு மேஸ்திரியின் வளையம் பொருந்துமா என்று அளக்கத் தம்பியின் இஞ்சு டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு, உங்கள் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். இந்த வரிகள் பஸ்சில் எழுதியவை. கையெழுத்து ஆடுவது அதனால்தான்.